சாப்பாட்டு மேசையில் அவன் சொல்லாதது

பொன்னாடை கழுத்தில் அரிக்கிறது. எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் போர்த்தியவரே இப்போது ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்கிறார், திரும்பிப் பார்த்தால் மனம் நோகும், அவர் உட்காரும்வரை அரித்தால் அரிக்கட்டும். பேராசிரியர் மாசிலாமணி இன்னும் விளித்து முடிக்கவில்லை. தலைமையேற்றிருக்கும் அண்ணன் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஐயா அவர்களே, வரவேற்புரை நல்கிய தங்கை அவர்களே என்று ஆரம்பித்தவர் மண்டபத்தின் உரிமையாளர்வரை வந்துவிட்டார், இனி பந்தி பரிமாறுகிறவர்கள்தான் பாக்கி. பின்பக்கத்திலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வருகிறது. உறையூரில் கல்யாண மண்டபம் பிடித்துப் புத்தகம் வெளியிட்டால் இப்படித்தான், பாதிக் கூட்டம் புத்தகத்துக்கு, பாதிக் கூட்டம் வடைக்கு. வேறு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்றைக்கு வரவில்லை. என் மடியில் இருக்கிற புத்தகத்தில், மொழிபெயர்ப்பு எழிலி என்று அட்டையில் போட்டிருக்கிற புத்தகத்தில், நான் மொழிபெயர்க்காத ஒரு பத்தி இருக்கிறது. சற்றுமுன் பிரதியைக் கையில் கொடுத்ததும் வழக்கம்போல நடுவில் பிரித்து மோந்து பார்த்தேன், மை வாசனை நன்றாகத்தான் இருந்தது, அப்படியே நாலு வரி படித்தேன். மூடினேன். திறந்தேன். அது போகவில்லை. ஒருவேளை நானே செய்திருப்பேனோ, தூக்கக் கலக்கத்தில், காய்ச்சலில், இத்தனை வருஷத்தில் என்றைக்காவது ஒரு நாள்? இல்லை. என் வாக்கியம் எனக்குத் தெரியும். என் வாக்கியம் நொண்டும், இடையில் நின்று மூச்சு வாங்கும். இது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறது. இது நான் இல்லை. பிறகு யார்? யாரோ என் வீட்டுக்குள் புகுந்து, என் புடவையைக் கட்டிக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் புத்தகம் ஒரு சர்வாதிகாரி சாப்பிடும்போது பேசின பேச்சு. பெரிய யுத்தம் நடந்த காலத்தில் பூமிக்கடியில் கட்டின அறையில் தன் ஆட்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருப்பான், அவன் முடிக்கிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அவன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஆறு வருஷம் அவனோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணின மாதிரி ஆகிவிட்டது, வெறுமனே ஆள் என்பேன். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அப்பாவும் கேட்பார், "இன்னிக்கு உன் ஆள் என்ன சொன்னான் பாப்பா?" ஆள் என்ன சொல்வான். பல்வலியைப் பற்றிச் சொல்வான். தேனீ வளர்ப்பதைப் பற்றிச் சொல்வான். ரயில் நிலையத்துக் கூரை எத்தனை உயரம் இருந்தால் ஜனங்கள் வாயடைத்துப்போவார்கள், தன் சமையற்காரியைத் தவிர வேறு யாருக்கும் ஏன் கிழங்கு வேகவைக்கத் தெரியவில்லை என்று சொல்வான். நடுவே, கிழங்கைப் பற்றிப் பேசின அதே குரலில், எந்த ஊரை இல்லாமல் ஆக்க வேண்டும் என்றும் சொல்வான். குரல் மாறாது. ஆனால் அவன் நிஜமாகவே அப்படிச் சொன்னானா? அங்கேதான் எனக்கு வேலை. மேசையில் எழுதக் கூடாது என்று அவனுக்குப் பிடிவாதம், ஆகவே மூலையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மேசைத் துணிக்குக் கீழே துண்டுக் காகிதத்தில் ரெண்டு சொல் கிறுக்கிக்கொள்வான், எல்லோரும் போனபிறகு ஞாபகத்திலிருந்து முழுசாகச் சொல்லித் தட்டச்சு செய்யவைப்பான். அதை மேலதிகாரி ஒருவன் திருத்துவான், தலைவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார், இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று. யுத்தம் முடிந்ததும் அதிகாரியின் பெண்டாட்டி பெட்டியில் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோனாள். ஒரு வியாபாரி வாங்கினான், இன்னொரு மொழியில் போட்டான், சப்பென்று இருந்த இடத்தில் உப்புக் காரம் சேர்த்தான். அந்த இன்னொரு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அத்தனை கை மாறின சரக்கு இது. பிற்பாடு அசலும் வெளியே வந்தது, நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆளுடைய மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்தேன், ஆங்கிலத்தில் இருக்கிற, அசலில் இல்லாத இடத்துக்கெல்லாம் அடிக்குறிப்பு போட்டேன். கல்லூரியில் சரித்திரம் நடத்தினபோது பெண்களிடம் சொல்வேன், ஒருவன் பேசியதை இன்னொருவன் எழுதியிருந்தால் பேசினவன் வாயைப் பார்க்காதே, எழுதினவன் கையைப் பார். அதற்காகவே இந்தப் புத்தகத்தை எடுத்தேன். நம்பாமல் படிப்பது எப்படி என்று நீளமாக ஒரு முன்னுரையும் எழுதினேன். அந்த முன்னுரை எங்கே? திறந்து பார்க்கிறேன். மூன்று பக்கத்துக்குச் சுருங்கி, எனக்கு உதவியவர்களுக்கு நன்றி சொல்கிற இடம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பத்தியை மறுபடி படிக்கிறேன், உதட்டை அசைக்காமல். 'தெற்கே, கடலோரத்தில், ஓர் இனம் இருக்கிறது. கலப்பு அறியாத இனம். அது இப்போது தூங்குகிறது. அது மட்டும் விழித்துக்கொண்டால் உலகத்தில் எனக்கு இரண்டாம் இடம்தான்.' பொய். அப்பட்டமான பொய். ஆள் தனக்கு ரெண்டாம் இடம் என்று எந்த ஜென்மத்திலும் சொல்ல மாட்டான், தேனீ விஷயத்தில்கூட விட்டுக்கொடுக்காதவன். நம் திசையில் கடல் இருக்கிறது என்பதே அவனுக்கு ஞாபகம் இருந்ததில்லை. அதோடு அவன் பேச்சில் இப்படி நிறுத்தம் வராது. இருக்கிறது, நிறுத்தம். இனம், நிறுத்தம். தூங்குகிறது, நிறுத்தம். எங்கே கைதட்ட வேண்டும் என்று இடம் விட்டு எழுதியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் கைதட்டுக்கு எதற்கு இடம் விடுகிறான்? இது மேடையில் பிறந்த வாக்கியம். நான் இதைக் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. இந்த ஊரில் யார்தான் கேட்கவில்லை. தமிழனைப் பற்றி அவனே சொன்னான் என்று ஆரம்பிக்கிற பேச்சு எத்தனை, சுவரொட்டி எத்தனை, கைப்பேசியில் வருகிற படம் எத்தனை. வெள்ளைக்காரன் ஒருவன் நம்மைப் பாராட்டிவிட்டால் அவன் கொலைகாரனாக இருந்தாலும் நமக்குப் பரவாயில்லை, சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கை எதையெல்லாம் செய்தது என்று பார்க்க மாட்டோம். எனக்கு இதில் கோபம்தான் வரும், ஆனால் இதுவரை அது காற்றில் இருந்தது. கேட்டவர்களிடம், ஆதாரம் இல்லை, புத்தகத்தில் கிடையாது என்று என்னால் சொல்ல முடிந்தது. இனிமேல் கிடையாது என்று சொல்ல முடியாது. பக்க எண்ணோடு கிடைக்கும். என் பெயரோடு கிடைக்கும்.

சுக்ராம். எங்கள் வீட்டுச் சமையலறைக்குத் தரை ஓடு பதித்த பையன், ஜார்க்கண்ட் பக்கம். மழைக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாலைந்து பேர் அவனைப் பிடித்துக்கொண்டு வலது கையை முழங்கைக்கு மேலே ஒடித்தார்கள். அவர்களே படம் பிடித்து அவர்களே பரப்பினார்கள். நான் பார்த்தேன். ஒருமுறை பார்த்துவிட்டு அழித்துவிட்டேன், ஆனாலும் காதில் இருக்கிறது. அடிக்கிறவர்களில் ஒருவன் இந்த வரிகளைத்தான் கத்திச் சொன்னான். தெற்கே, ஒரு அடி. கடலோரத்தில், ஒரு அடி. அந்த நிறுத்தங்கள் அதற்கும் பயன்பட்டன. தட்டெடுத்துப் பிடிக்க வராத கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுக்ராம் ஊருக்குப் போய்விட்டான், அவன் அண்ணன் இன்னும் இங்கேயேதான் கொத்துவேலை செய்கிறான், இருட்டுவதற்குள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். இப்போது மூன்றாவது வரிசையில் கழுத்தில் துண்டு போட்ட இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களை யார் கூப்பிட்டது? புத்தக வெளியீட்டுக்கு இந்த வயதில் இத்தனை பேர் எங்கள் ஊரில் வந்ததே கிடையாது. ஓரத்தில் இருக்கிறவன் தாடையைச் சொறிகிறான். படத்தில் இருந்தவனும் தாடையைச் சொறிந்தானா? படத்தில் இருந்தவனுக்கு மீசை உண்டு. மீசையை எடுக்கலாம். எனக்குப் பார்க்கிறவன் எல்லாம் அவனாகத் தெரிகிறான். அவன் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான், நானும் கும்பிடுகிறேன், வேறு என்ன செய்வது.

முத்தழகு பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். பதிப்பாளன். இவன்தான். இவனைத் தவிர யார்? விற்காது என்று ரெண்டு வருஷம் கையெழுத்துப் பிரதியைப் பீரோவில் வைத்திருந்தவன், திடீரென்று ஒருநாள், "அக்கா, போட்டுடுவோம், இப்ப நேரம் நல்லாருக்கு" என்றான். எதற்கு நேரம் நன்றாக இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். முன்னுரையை வெட்டியவனும் இவனாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு பத்திக்காகவே புத்தகம் போட்டிருக்கிறான், மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டின காகிதம். இவன் சிரிப்பே சரியில்லை. காலையில் என்னைக் காரில் ஏற்றும்போது கதவை இவனே திறந்துவிட்டான், அதுவும் சரியில்லை. மாசிலாமணி ஒருவழியாக விளித்து முடித்து, ஒரு நாட்டின் வரலாறு என்பது என்று ஆரம்பிக்கிறார். நான் சாய்ந்து, வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு கேட்கிறேன், "முத்தழகு, இந்தப் பத்தி எங்கேர்ந்து வந்துச்சு?" அவன் எட்டிப் பார்க்கிறான். "இதாக்கா? நல்ல பத்திதானே. இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க." "நான் எழுதலை இதை." அவன் கால் ஆட்டுவதை நிறுத்துகிறான். "என்னக்கா சொல்றீங்க? நீங்க எழுதாததை நான் ஏன்க்கா போடப்போறேன்? காகித விலைக்காக முன்னுரையைக் குறைச்சேன், சொன்னா கோவிப்பீங்கன்னு சொல்லலை, அது தப்புதான். மத்தபடி உங்கப்பா திருத்திக் குடுத்ததை அப்படியே ஏத்துனோம். ஐயா கை வச்சதுல ஒரு புள்ளி நான் மாத்துவேனா?" பொய் சொல்கிறவன் இவ்வளவு சீக்கிரம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள மாட்டான். அல்லது சின்னதை ஒப்புக்கொண்டு பெரியதை மறைக்கிறான். முகத்தைப் பார்க்கிறேன். குழந்தை முகம். சே, எனக்கு யார் முகத்தையும் படிக்கத் தெரியவில்லை, காகிதத்தை மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. ஐயா கை. உங்கப்பா திருத்திக் குடுத்ததை. உங்கப்பா.

அப்பா முதல் வரிசையில், வெளியே வரும்போது மட்டும் உட்காருகிற சக்கர நாற்காலியில் இருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, கேட்கிற காதை மேடைக்குக் கொடுத்து. புலவர் செம்பரிதி. பெற்றோர் வைத்த பெயர் ரெத்தினம், அதை அவரே மறந்துவிட்டார். ஒரு காலத்தில் இவர் பேசுகிறார் என்றால் லால்குடியிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். இப்போது ஊரில் அச்சாகிற பாதிப் புத்தகத்துக்குக் கடைசி மெய்ப்பு அப்பாவிடம்தான் வரும். ஆசிரியர் பார்த்து, அச்சகத்தார் பார்த்து, அதற்கப்புறமும் புலவர் ஒருவர் ஒற்று சந்தியெல்லாம் பார்த்துக் கொடுத்தால்தான் எங்கள் பக்கத்துப் பதிப்பாளர்களுக்குத் தூக்கம் வரும், அதன்பிறகு ஆசிரியருக்குத் திருப்பி அனுப்புகிற வழக்கம் கிடையாது, புலவர் கண் பட்டதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நேரே அச்சுக்குப் போய்விடும். என் புத்தகமும் அப்படித்தான் போயிற்று. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து தாள்களை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு படித்தது இப்போது கண்முன் தெரிகிறது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஒரு இடம் விட்டுப்போயிருந்துச்சு பாப்பா, சேத்துட்டேன்" என்றார். நான் சரிப்பா என்றேன். ஒற்று என்று நினைத்தேன். ஒரு 'க்', ஒரு 'ப்', அப்பா ஆயுசில் வேறு எதைச் சேர்த்திருக்கிறார். விட்டுப்போயிருந்துச்சு. ஐயோ. மேடையில் என் கை தானாக வாய்க்குப் போகிறது. அவர் திருடவில்லை, ஒளிக்கவில்லை, என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செய்தார். மகள் இத்தனை பெரிய புத்தகத்தைப் போட்டாள், முக்கியமான இடத்தை அவசரத்தில் விட்டுவிட்டாள், பாவம், அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று சேர்த்திருக்கிறார். அப்பா இதை மேடையில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். முசிறியில் சொன்னார், துறையூரில் சொன்னார், கீழ் வரிசையில் மண்ணில் உட்கார்ந்து கேட்டேன். அப்போது இரண்டாம் இடம் கிடையாது, இப்போதுதான் யோசிக்கும்போது தெரிகிறது, முதலில் அது வெறும் தெற்கே ஓர் இனம் இருக்கிறது என்பதோடு நின்றது. அப்புறம் கலப்பு அறியாத வந்தது. தூங்குகிறது வந்தது. ஊருக்கு ஒரு வரி வளர்ந்தது. யாரிடமிருந்து அவருக்கு முதலில் கிடைத்தது? அவருக்கு முன்னால் பேசினவர் யாராவது சொல்லியிருக்கலாம். யாருமே சொல்லாமலும் இருந்திருக்கலாம். கூட்டம் வாடிப்போயிருந்த ஒரு நாளில் அவர் வாயில் அது தானாக முளைத்திருக்கும், கைதட்டு விழுந்திருக்கும், மறுநாள் அவருக்கே அது எங்கோ படித்ததாக ஆகியிருக்கும். குமாஸ்தா, மேலதிகாரி, பெண்டாட்டி, வியாபாரி என்று ஆறு வருஷம் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். எனக்கு எதிரே உட்கார்ந்து மோர்ச்சாதம் சாப்பிட்டவரைச் சந்தேகப்படவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாதா? கொஞ்சம்கூடவா? இப்படிக் கேட்கிற என் மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனாலும் கேட்கிறது.

கைதட்டு. திடுக்கிட்டு நிமிர்கிறேன். மாசிலாமணி புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருக்கிறார். "இதுவரை மேடையிலே சொன்னோம், ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். இதோ!" பக்கத்தைச் சொல்கிறார். படிக்கிறார். தெற்கே, கடலோரத்தில். மூன்றாவது வரிசையில் கைப்பேசிகள் ஒன்றாக எழும்புகின்றன. எனக்கு வியர்க்கிறது, பொன்னாடை இப்போது போர்வையாகக் கனக்கிறது. அடுத்தது என் ஏற்புரை. எழுந்து சொல்லிவிட வேண்டியதுதான், இந்தப் பத்தி அவனுடையது இல்லை என்று. எந்தப் பத்தி என்று கேட்பார்கள், படித்துக் காட்ட வேண்டும். படித்தால் என் குரலில் அது பதிவாகும். பின்னால் நான் சொல்கிற இல்லை என்பதை நறுக்கிவிட்டு முன்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள், மொழிபெயர்த்த அம்மாவே சொல்கிறார் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் போய்விடும். மறுப்பதற்குச் சொல்ல வேண்டும், சொன்னால் மறுத்ததாக இருக்காது. சரி, படிக்காமல் பக்கத்தை மட்டும் சொன்னால்? யார் எழுதினது என்று கேட்பார்கள். அப்பாவுக்கு இன்றைக்குத்தான் கடைசி நிகழ்ச்சியாகப் பாராட்டு, நினைவுக் கேடயம் மேசைக்கடியில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது, காலையில் ஒரு மணி நேரம் தலை சீவிக்கொண்டார். எண்பத்தெட்டு வயது மனிதரை அவர் மகளே சபையில் வைத்துப் பொய்யன் என்று சொல்வதா? வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். அடுத்த பதிப்பு எப்போது வரும், அதற்குள் எத்தனை கை ஒடியும். சுக்ராம் கையா அப்பா முகமா. என்ன கேள்வி இது, இதற்குப் பதில் யோசிக்க வேண்டியிருப்பதே அசிங்கம். யோசிக்கிறேன். என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

ஒலிவாங்கி எனக்கு உயரம். முத்தழகு ஓடிவந்து தாழ்த்துகிறான். அனைவருக்கும் வணக்கம் என்று மட்டும் சொல்கிறேன், யாரையும் தனியாக விளிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார், பயப்படாதே என்று அர்த்தம். அந்தத் தலையாட்டலில் எனக்குத் தைரியம் போய்விடுகிறது. நேராகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "பேராசிரியர் வாசிச்ச பத்தியைப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. அதை மெய்ப்பு பார்த்தவர் இங்கே இருக்காரு. எங்கப்பா. அப்பா, அந்த வரி உங்களுக்கு எங்கே கிடைச்சுதுன்னு நீங்களே சொல்லிடுங்க." மெல்லக் கேட்டால் மெல்ல நினைவு வரும், எங்கோ யாரோ சொல்லக் கேட்டதம்மா என்று அவரே சொல்லிவிடுவார், யாருக்கும் காயம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். கோழைக் கணக்கு. கம்பியில்லாத ஒலிவாங்கியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாங்கும்போது நடுங்கின கை வாங்கினதும் நடுங்கவில்லை. எங்கே கிடைத்தது என்பது அவர் காதில் விழவேயில்லை போலிருக்கிறது, அல்லது அது அவருக்கு ஒரு கேள்வியே இல்லை. "தெற்கே" என்றார். மண்டபம் அடங்கியது. அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள், வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல் இல்லை இது. "கடலோரத்தில்" என்றார். மனப்பாடம், ஒரு சொல் பிசகவில்லை. இரண்டாம் இடம்தான் என்று முடித்ததும் துண்டு போட்ட இளைஞர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்க வேண்டும். கையைத் தூக்கி அவர்களை அமர்த்தினார். "மேலும் சொன்னான்! அந்த இனம் கண்விழிக்கும் நாளில், தன் வாசலிலே நிற்கிற வேற்றானைப் பார்த்து முதலில் கேட்கும், நீ யாரடா என்று!"

மண்டபம் இடிந்துவிடும் போலக் கத்தினார்கள். மேலும் சொன்னான். எங்கே சொன்னான்? எந்தப் பதிப்பில்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பிறந்தது, ஈரம் காயவில்லை, ஆனால் அதற்குள் அவனுடையதாகிவிட்டது, முப்பது நாற்பது கைப்பேசிகள் அதை விழுங்கிவிட்டன. இவ்வளவுதானா, இப்படித்தானா வந்தது எல்லாமே. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. படியிறங்கினேன். யாரோ கைகொடுக்க வந்தார்கள், தள்ளிவிட்டுப் போனேன். அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முகமெல்லாம் வெயிலடித்த மாதிரி மின்னியது அவருக்கு. "சரியா சொன்னேனா பாப்பா?" கேட்கிற காதுப் பக்கமாகக் குனிந்தேன். "அப்பா, அந்தக் கடைசி வரி ஏதுப்பா?" "அவன் சொன்னதுதானேம்மா." "இல்லப்பா. இப்ப, இந்த நிமிஷம், நீங்க சொன்னது. அது மட்டுமில்ல, முழுசும் அவன் சொல்லலப்பா. நான் எல்லா மொழியிலயும் தேடிட்டேன், எங்கயுமே இல்ல. நீங்க மேடையில சொன்னதுதான்ப்பா." கூச்சல் சட்டென்று குறைந்தது. என் குரல் எனக்கே நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது. அப்பா மடியில் ஒலிவாங்கி, என் வாய்க்கு ஒரு சாண் கீழே, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம், கை அதன்மேல் போய்விட்டது. இது மேடைப் பேச்சு இல்லை, மகள் அப்பா காதில் சொல்வது, இதைக் கேட்க எவனுக்கும் உரிமையில்லை. கேட்கட்டும் என்று கையை எடுத்தேன். "சுக்ராமை அடிச்சாங்கல்லப்பா. குடிகாரப் பசங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். குடிகாரங்க இல்ல. உங்க வரியைச் சொல்லிச் சொல்லித்தான் அடிச்சாங்க. கடலோரத்தில்னு சொல்லும்போதுதான் கை ஒடிஞ்சுது."

மூன்றாவது வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மாசிலாமணி மேடையில் எழுந்து நின்று எதையோ சொல்ல வந்து, முத்தழகுவைப் பார்த்து, உட்கார்ந்தார். கைப்பேசிகள் இறங்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆனால் சுக்ராமைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, உடைந்த தமிழில் அவன் சொல்கிற ஊர்க்கதையைக் கேட்டுக்கொண்டே தன் டீயில் பாதியை ஆற்றி ஊற்றிக் கொடுத்தவர் அவர். அவன் அடிபட்ட அன்று எவன்டா அவன், நான் ஸ்டேஷனுக்கு வர்றேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியவர். ஒலிவாங்கியைத் தன்னையறியாமல் வாய்க்குக் கிட்டே கொண்டுபோகிறார், அறுபது வருஷப் பழக்கம், பேச வேண்டும் என்றால் கை அப்படித்தான் போகும். ஆனால் வந்தது மேடைக் குரல் இல்லை, வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல்.

"நான் சொன்னதைச் சொல்லியா பாப்பா அடிச்சானுங்க, அந்தப் புள்ளையை?"

"ஆமாப்பா" என்றேன். அதுவும் மண்டபம் முழுக்கக் கேட்டது.